க்ரூஸ் கப்பல் ஃப்யூல் சர்சார்ஜ்: எல்லாரும் கேக்குற கேள்விங்களும் என் பதிலும்

நாங்க ஃப்ளோரிடாவுல இருக்கோம், கப்பல் கிளம்புற துறைமுகம் எல்லாமே காருல போற தூரம்தான், அதனால தெரிஞ்சவங்க யாரு க்ரூஸ் புக் பண்ணாலும் முதல்ல எனக்குத்தான் போன் வரும். கச்சா எண்ணெய் விலை ஏறுதுன்னு டிவில சொன்ன அன்னைக்கு சாயந்திரமே "அக்கா, நமக்கும் ஏத்திடுவாங்களா"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. அதே பத்து பதினஞ்சு சந்தேகம்தான் சுத்திச் சுத்தி வருது, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு எனக்குத் தெரிஞ்சத ஒரே இடத்துல எழுதிட்டேன்.

டிக்கெட் காசுலயே எண்ணெய் காசும் வந்துடாதா? அது என்ன தனியா ஒரு சர்சார்ஜ்?

வந்துடும். கேபினுக்கு நீங்க கட்டுற விலையில எண்ணெய், சாப்பாடு, ஆள் சம்பளம் எல்லாமே அடக்கம்தான். ஆனா கப்பல் கிளம்ப ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் இருக்கும்போதே டிக்கெட் விக்க ஆரம்பிச்சிடுறாங்க, நடுவுல எண்ணெய் விலை எகிறிடுச்சுன்னா அந்த வித்தியாசத்த கம்பெனி தாங்காம நம்ம தலையில வைக்கிறதுக்குப் பேருதான் ஃப்யூல் சர்சார்ஜ். அவங்க பேப்பர்ல "ஃப்யூல் சப்ளிமென்ட்"னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர்னு கணக்கு, வேணாம்னு சொல்ல வழி கிடையாது. ஃப்ளைட் டிக்கெட்ல ஒய்.க்யூ.ன்னு எண்ணெய்க்காக ஒரு தனித் தொகை வருமே, அதோட கப்பல் தம்பின்னு வச்சுக்கோங்க.

ஒரு கப்பல் அப்படி எவ்ளோதான் எண்ணெய் குடிக்கும்?

பெரிய க்ரூஸ் கம்பெனியான கார்னிவல் குரூப்ப எடுத்துக்குவோம். சுமார் 90 கப்பல், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 30 லட்சம் டன் எண்ணெய். வகுத்துப் பாத்தா ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்கு 90 டன் பக்கம் வருது, நம்ம ஊரு பெட்ரோல் பங்க்குக்கு வர்ற பெரிய டேங்கர் லாரி அஞ்சு. இது சராசரிதான், பெரிய கப்பல் இன்னும் நிறைய குடிக்கும். ஓடுறதுக்கு மட்டும் இல்ல, ஏசி, சமையல் கட்டு, கடல் தண்ணிய நல்ல தண்ணியா மாத்துறது, லிஃப்ட்டு, லைட்டு எல்லாமே அந்த இஞ்சின்ல இருந்து வர்ற கரன்ட்டுலதான், அதனால பெரும்பாலும் கரையில கட்டி நிக்கும்போதும் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும்.

வேகம்தான் இதுல பெரிய விஷயம். வேகத்த பத்து சதவீதம் குறைச்சா தேவைப்படுற சக்தி கால்வாசிக்கு மேல குறையும். சில துறைமுகத்துல "இவ்ளோ சீக்கிரம் கிளம்புறாங்களே"ன்னு நாம அலுத்துக்கிறதுக்குப் பின்னாடி சில சமயம் இந்தக் கணக்குதான் இருக்கு, சீக்கிரம் கிளம்பினா மெதுவா போகலாம். செலவு ஏறுறதும் பொய் இல்லைங்க. இதே கார்னிவலுக்கு 2007-ல டன்னுக்கு சராசரியா 361 டாலர் ஆச்சு, 2008-ல 558. எண்ணெய் பில்லு ஒரே வருஷத்துல சுமார் 110 கோடி டாலர்ல இருந்து 177 கோடிக்குப் போச்சு. அவங்க கஷ்டத்த நான் மறுக்கவே இல்ல, அத நம்மகிட்ட எப்போ, எப்படி சொல்றாங்கங்கறதுலதான் என் சண்டை.

இத முதல்ல ஆரம்பிச்சது யாரு?

நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற ரவுண்டு 2007 நவம்பர். கச்சா எண்ணெய் பேரலுக்கு நூறு டாலர நெருங்கிகிட்டு இருந்த நேரம். கார்னிவல் குரூப் தன்னோட ஆறு பிராண்டுக்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 டாலர், ஒரு ட்ரிப்புக்கு 70 டாலருக்கு மேல போகாது, கேபின்ல முதல் ரெண்டு பேருக்கு மட்டும், 2008 பிப்ரவரி 1-லருந்து கிளம்புற கப்பலுக்குன்னு அறிவிச்சுது. ராயல் கரீபியனும் கொஞ்ச நாள்லயே அதே 5, அதே 70, அதே பிப்ரவரி. நார்வீஜியனும் பின்னாடியே வந்துச்சு.

எல்லா கம்பெனியும் ஒரே நேரத்துல ஏத்துறாங்களே, பேசி வச்சுகிட்டா?

கோபத்துல எல்லாரும் கேக்குறதுதான், ஆனா ஆதாரம் இல்லாம நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஊருல ஒரு பஸ் முதலாளி டிக்கெட்ட ஏத்தினா அடுத்தவரும் ஏத்துறாரு, அதுக்கு மீட்டிங் போடத் தேவையில்ல, முதல் ஆள் மேல எவ்ளோ கல்லு விழுதுன்னு பாத்தா போதும்.

நான் முழுப் பணமும் கட்டிட்டேன். இப்போ கூடக் கேக்கலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி, எங்களுக்கே நடந்தது. 2008 மார்ச் ட்ரிப்புக்கு நாங்க ரெண்டு பேரு, மாமனார் மாமியார் ரெண்டு பேரு, ரெண்டு கேபின் முந்தின செப்டம்பர்லயே புக் பண்ணியாச்சு. நவம்பர் கடைசியில ஒரு கவர் வருது, உள்ள ஒரே ஒரு தாள், ஏழு நாளு, நாலு பேரு, மொத்தம் 140 டாலர் கூடுதலா உங்க கணக்குல சேத்தாச்சுன்னு. என் மாமனார் கோவில்பட்டியில முப்பது வருஷம் மளிகைக் கடை வச்சிருந்தவரு. அந்தத் தாள டைனிங் டேபிள்ல வச்சு கண்ணாடிய கழட்டித் தொடச்சுட்டு மறுபடி படிச்சாரு. "எடை போட்டு பொட்டலம் கட்டி பில்லும் குடுத்தாச்சு, அப்புறம் பருப்பு விலை ஏறிப்போச்சுன்னு வாடிக்கைக்காரன் வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்களாம்மா"ன்னு கேட்டாரு. 140 டாலர் எங்களுக்குப் பெரிய தொகை இல்ல, ஆனாலும் அவரு கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதே கேள்விய நிறைய பேரு ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) ஆபீஸுக்கு எழுதிட்டாங்க. அப்போ பில் மெக்காலம் அட்டர்னி ஜெனரல். சர்சார்ஜ் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே புக் பண்ணவங்ககிட்ட அப்புறமா கேட்டது தப்புன்னு விசாரணை போச்சு. 2008 வசந்த காலத்துல ராயல் கரீபியனும் அதோட இன்னொரு பிராண்டான செலிப்ரிட்டியும் சுமார் 2.1 கோடி டாலர், கார்னிவல் குரூப் சுமார் 4 கோடி டாலர் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. எங்க 140-ம் வந்துச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்ல வேணாம்னு விட்டுட்டேன், நடந்தது ஒரு கம்பெனில மட்டும் இல்லைல்ல.

அதனால பதில்: புக் பண்ணும்போதே "இந்த நிலைமையில இவ்ளோ வரைக்கும் வசூலிப்போம்"னு தெளிவா எழுதியிருந்தா கேக்கலாம். எழுதாம இருந்துட்டு அப்புறம் கேட்டா நீங்க தாராளமா எதிர்க்கலாம். அந்த செட்டில்மென்ட்டுக்கு அப்புறம் பெரிய கம்பெனிங்க டிக்கெட் கண்டிஷன்ல அந்த வரிய எழுதி வச்சிருக்காங்க, அதனால 2007 மாதிரி ஒரு வாதம் இன்னைக்கு சுலபமா நிக்காது.

அந்த வரில சரியா என்னதான் எழுதியிருக்கு? நாலு பேரு ஒரே கேபின்னா எவ்ளோ ஆகும்?

ராயல் கரீபியன் கண்டிஷன்ல பல வருஷமா இருக்கிறது இது: டபிள்யூ.டி.ஐ. (அமெரிக்கச் சந்தையில அளவுகோலா வச்சுக்கிற ரகம்) கச்சா எண்ணெய் பேரலுக்கு 65 டாலர தாண்டினா சர்சார்ஜ் போட உரிமை உண்டு. கேபின்ல முதல் ரெண்டு பேருக்கு ஆளுக்கு நாளைக்கு 10 டாலர் வரைக்கும், ட்ரிப்புக்கு 140 உச்சம். மூணாவது நாலாவது ஆளுக்கு 5 டாலர் வரைக்கும், 70 உச்சம். நார்வீஜியன்லயும் அதே 65 டாலர் கோடு, ஆளுக்கு நாளைக்கு 10 வரைக்கும். கார்னிவல்ல கோடு 70 டாலர், நாளைக்கு 9 வரைக்கும்.

அம்மா அப்பா ரெண்டு பசங்க ஒரே கேபின், ஏழு நாள்னா முதல் கணக்குப்படி பெரியவங்களுக்கு 140, பசங்களுக்கு 70, ஆக 210 டாலர். பசங்களுக்கு வயசு வச்சு சலுகை இருக்கும்னு நெனைக்காதீங்க, கணக்கு வயசுல இல்ல, கேபின்ல எத்தனாவது ஆளுங்கறதுல. 2007-ல மூணாவது நாலாவது ஆளுக்கு ஒண்ணும் இல்லாம இருந்துச்சு, இப்போ எழுதி வச்சிருக்கிறதுல அவங்களும் உள்ள வந்துட்டாங்க.

ரொம்ப வருஷமா பெரிய கம்பெனிங்க எதுவும் வாங்கலைன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் கவலைப்படணும்?

உண்மைதான், ஆச்சரியமான உண்மை. 2011-லருந்து 2014 நடு வரைக்கும் எண்ணெய் அனேகமா 90, 100 டாலர்னுதான் நின்னுச்சு, 2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்சப்போ 120-யும் தொட்டுச்சு. 65 டாலர் கோட்டுக்கு ரொம்ப மேல. ஆனாலும் அமெரிக்காவுல கார்னிவல், ராயல் கரீபியன், நார்வீஜியன் மூணுமே சர்சார்ஜ கையில எடுக்கல.

என்னோட எண்ணம், 2008-ல ஜனங்க காட்டின கோபம்தான் காரணம். அஞ்சு டாலர் ஒரு காபி காசுன்னு சிலர் பேசாம கட்டினாங்க, ஆனா பென்ஷன் காசுல வருஷத்துக்கு மூணு நாலு ட்ரிப் போற வயசானவங்க, ரொம்ப வருஷம் ஒரே கம்பெனில போனவங்க, அவங்கதான் ரொம்ப காயப்பட்டாங்க, பார்ல செலவு பண்ணாம, பிங்கோ ஆடாம அந்தக் காச அங்கயே மீட்டவங்க நிறைய பேரு. கம்பெனிக்கும் அது புரிஞ்சுது. தினம் தினம் மாறுற டிக்கெட் விலையில 60 டாலர் ஏத்தினா யாரும் கவனிக்கிறது இல்ல, "ஃப்யூல்"னு பில்லுல தனியா போட்டு 35 டாலர் கேட்டா ஊரே பேசும். ஆனா அந்த வரி கண்டிஷன்ல உயிரோட இருக்கு, எப்போ வேணா எடுக்கலாம், அதனால பட்ஜெட் போடும்போது அந்த உச்சத் தொகைய ஒரு ஓரமா வச்சுக்கோங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

எண்ணெய் விலை இறங்கினா திருப்பிக் குடுப்பாங்களா?

ஒரு தடவை குடுத்திருக்காங்க. 2008 ஜூலைல பேரல் 147 டாலர் வரைக்கும் ஏறுச்சு, அந்த ஏத்தத்துல கார்னிவல் 5 டாலர 9 ஆக்குச்சு, உச்சம் 126. அந்த வருஷ டிசம்பர்ல எண்ணெய் முப்பது சொச்சத்துக்கு விழுந்துடுச்சு. அப்போ கார்னிவலும் ராயல் கரீபியனும் விலை அவங்கவங்க கோட்டுக்குக் கீழ இருந்தா, வாங்கின சர்சார்ஜ கப்பல்ல செலவு பண்ற கிரெடிட்டா குடுக்குறோம்னு சொன்னாங்க, அப்புறம் படிப்படியா எடுத்தே விட்டாங்க.

கிரெடிட்டுங்கறது ரொக்கம் இல்ல, இது முக்கியம். சும்மா கிடைச்ச மாதிரி மனசுக்குத் தோணும், தேவையில்லாத டீ ஷர்ட்ட வாங்கி முடிச்சிடுவோம். பல கிரெடிட் கடைசி ராத்திரி மிச்சம் இருந்தா அப்படியே போயிடும். டிப்ஸ் கணக்குல கழிக்கச் சொல்லுங்க, இல்ல கரையில சுத்திப் பாக்குற டூருக்குப் போடுங்க, எப்படியும் செலவாகப் போற காசு அது.

கம்பெனிங்க எண்ணெய முன்கூட்டியே விலை பேசி வாங்கி வச்சிடுவாங்கன்னு படிச்சேன், அப்புறம் நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்?

அருமையான கேள்வி, என் தம்பி கேட்டான். அதுக்கு ஹெட்ஜிங்னு பேரு. ராயல் கரீபியனும் நார்வீஜியனும் எண்ணெய்த் தேவையில ஒரு பங்குக்கு அப்படி விலைய முன்னாடியே கட்டி வச்சுக்குவாங்க, கார்னிவல் பல வருஷமா அத செய்யறது இல்ல. அதனால ஒரே விலையேத்தம் மூணு பேருக்கும் ஒரே மாதிரி வலிக்காது.

ஆனா மேல சொன்ன கண்டிஷன மறுபடி பாருங்க. "எங்க செலவு இவ்ளோ ஏறினா"ன்னு அதுல இல்ல, "சந்தையில கச்சா எண்ணெய் இந்த விலைய தாண்டினா"ன்னுதான் இருக்கு. பாதி எண்ணெய பழைய விலைக்கே கட்டி வச்சிருந்தாலும் முழு சர்சார்ஜும் போட உரிமை இருக்கு. இன்னொண்ணு, கப்பல்ல எரியறது கச்சா எண்ணெயே இல்ல. 2020 ஜனவரியிலருந்து உலகம் பூரா கப்பல் எண்ணெய்ல கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, புகைய கழுவுற மெஷின் வச்ச கப்பலுக்கு மட்டும் விலக்கு. வட அமெரிக்கக் கரையோரம் 0.1-தான். அந்த சுத்தமான எண்ணெயோட விலை கச்சா எண்ணெயோட அச்சா சேந்து ஏறி இறங்காது. 65 டாலர் கோடு கணக்குக்கு வசதியே தவிர, நியாயத்தோட அளவுகோல் இல்ல.

எல்.என்.ஜி. (திரவமாக்கின இயற்கை எரிவாயு) கப்பல்ல போனா இந்தத் தொல்லை இல்லையா?

இருக்கும். 2018-ல வந்த ஐடாநோவா, 2024 ஜனவரில வந்த ஐகான் ஆஃப் த சீஸ் எல்லாம் எல்.என்.ஜி.லதான் ஓடுது, ஆனா கண்டிஷன் கம்பெனி முழுசுக்கும் ஒண்ணு, உங்க கப்பல் என்ன எரிக்குதுன்னு அது பாக்காது.

லண்டன்ல இருக்கிற என் அக்கா புக் பண்ணா அங்க சட்டம் வேறயாமே?

வேறதான், அங்க பயணிக்கு எவ்வளவோ தேவலை. பிரிட்டன்ல 2018 பேக்கேஜ் டிராவல் விதி, யூரோப்பிய யூனியன்லயும் அதே மாதிரி ஒண்ணு. புக் பண்ண அப்புறம் விலைய ஏத்தணும்னா காரணம் மூணே மூணுதான்: எண்ணெய் மாதிரி எரிபொருள் செலவு, வரியும் கட்டணமும், கரன்சி மாத்து விலை. அதுவும் ஒப்பந்தத்துல முன்னாடியே எழுதியிருக்கணும், எப்படிக் கணக்கு போட்டோம்னு காட்டணும், கிளம்ப 20 நாளைக்குள்ள ஏத்தவே கூடாது. ஏத்தம் 8 சதவீதத்த தாண்டினா பைசா கழிக்காம கேன்சல் பண்ணிக்கலாம். 2,000 பவுண்டு ட்ரிப்னா 160 பவுண்டு வரைக்கும்தான் பேசாம ஏத்த முடியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏத்துற உரிமைய கம்பெனி வச்சுகிட்டா, அதே செலவு இறங்கும்போது குறைச்சுத் தர கடமையும் அங்க சேந்தே வந்துடுது. அமெரிக்காவுல இந்த மாதிரி பொதுச் சட்டம் இல்ல, அதுக்காகத்தான் 2008-ல ஒரு மாநில அட்டர்னி ஜெனரல் வர வேண்டியிருந்துச்சு.

போர்ட் டாக்ஸ்னு போடறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்ல. போர்ட் டாக்ஸ், ஃபீஸ்னு போடறது கரையில அரசாங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் போற காசு. ஆனா அதுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. தொண்ணூறுகள்ல கம்பெனிங்க தங்களோட சொந்தச் செலவையும் "போர்ட் சார்ஜ்"ல சேத்துகிட்டு விளம்பரத்துல விலைய குறைச்சுக் காட்டினாங்க, 1997-ல இதே ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் தலையிட்டு, அரசாங்கத்துக்குப் போறத மட்டும்தான் தனியா காட்டலாம், மிச்சம் எல்லாம் விளம்பர விலைக்குள்ள வரணும்னு ஒத்துக்க வச்சுது. பத்து வருஷம் கழிச்சு ஃப்யூல் காசு பில்லுல தனியா வந்ததும் பழைய ஆளுங்களுக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. 2024 ஜூலைல கலிஃபோர்னியா சட்டம் வந்த அப்புறம் பெரிய கம்பெனிங்க அமெரிக்காவுல வரியெல்லாம் சேத்த விலையையே முதல்ல காட்டுறாங்க, நல்ல விஷயம். பின்னாடி வரக்கூடிய சர்சார்ஜ் மட்டும் அதுல இருக்காது, ஏன்னா அது இன்னும் பொறக்கவே இல்லையே.

சர்சார்ஜ் போட்டா நான் கேன்சல் பண்ணிடலாமா? இல்ல கேஸ் போடலாமா?

ஃபைனல் பேமென்ட் தேதிக்கு முன்னாடின்னா பெரும்பாலான டிக்கெட்ட அபராதம் இல்லாம கேன்சல் பண்ணலாம், திரும்ப வராத டெபாசிட்ல எடுத்திருந்தா அந்த டெபாசிட் போகும். அந்தத் தேதிக்கு அப்புறம் கேன்சல் அபராதமே சர்சார்ஜ விட பல மடங்கு ஆகும், 70 டாலருக்காக 700 டாலர விடாதீங்க.

கேஸ்னா, டிக்கெட்டுக்குப் பின்னாடி எந்த ஊரு கோர்ட்ல வழக்கு போடணும்னே எழுதியிருப்பாங்க. வாஷிங்டன் மாநிலத்து ஜோடி ஒண்ணு லாஸ் ஏஞ்சலீஸ்ல ஏறி மெக்சிகோ போன கப்பல்ல அந்தம்மா வழுக்கி விழுந்து வழக்கு போட்டாங்க, ஃப்ளோரிடாவுலதான் போடணும்னு டிக்கெட்ல இருக்குன்னு கார்னிவல் வாதாடி, 1991-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஃப்ளோரிடாவுல இருக்கிற எனக்குப் பரவாயில்ல, சியாட்டில்ல இருக்கிறவங்க 70 டாலருக்கு மயாமி வந்து போக முடியுமா? உங்க மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸுக்கும் ஃப்ளோரிடா ஆபீஸுக்கும் புகார் எழுதுங்க, ஒரு பக்கம் போதும், புக் பண்ண தேதி, அப்போ காட்டின விலை, அப்புறம் கேட்ட விலை மூணும் இருக்கட்டும். 2008-ல காசு திரும்பி வந்தது அந்த மாதிரி லெட்டராலதான்.

கோபத்துல, நம்ம கணக்குல அவங்களே சேத்துடுற டிப்ஸ எடுக்கச் சொல்லிட்டேன், சரிதானே?

இல்லைங்க, தயவு செஞ்சு அத பண்ணாதீங்க. அந்தக் காசு கம்பெனியோட எண்ணெய் பில்லுக்குப் போறதில்ல, உங்க ரூம தினம் பெருக்குற பையனுக்கும் தட்டு எடுக்கிறவருக்கும் போகுது. எங்க 2008 ட்ரிப்ல கேபின் பாத்துகிட்டவரு கோவாக்காரரு, ஒன்பது மாசம் கான்ட்ராக்ட்டு, வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை, அவரு கிளம்பினப்போ அது தவழ்ந்துகிட்டு இருந்துச்சாம். பக்கத்து கேபின்ல ஒருத்தரு சர்சார்ஜ் கோபத்துல கவுன்டருக்குப் போய் டிப்ஸ மொத்தமா எடுக்கச் சொல்லிட்டாரு. அடுத்த நாள் காலையிலயும் அந்தக் கோவாக்காரரு அந்தக் கேபின் கதவ தட்டி அதே மாதிரிதான் குட்மார்னிங் சொன்னாரு. என் மாமனார் அத பாத்துகிட்டே நின்னாரு.

அவ்ளோ கோபம்னா அந்தக் கம்பெனில திரும்பப் போனீங்களா?

ரெண்டு வருஷம் போகல. 2010-ல போனோம், ஏன்னா மாமனாருக்கு அந்தக் கப்பலோட பின் டெக்கு பிடிக்கும், சூரியன் இறங்குறப்போ அங்க உக்காந்தா போதும் அவருக்கு. புக் பண்றதுக்கு முன்னாடி கண்டிஷன மொத்தமா பிரின்ட் எடுத்துக் குடுங்கன்னு கேட்டாரு, பதினேழு பக்கம், ஃப்யூல் வரி எங்க இருக்குன்னு அவரே கண்டுபிடிச்சு பென்சில்ல கோடு போட்டாரு. "இப்போ சொல்லிட்டுத்தான விக்கிறான், கட்டும்மா"ன்னாரு.